சோறும் காணியும்



யோனத்தானின் மகனுக்கு இரு கால்களும் ஊனம். தாவீது அரசர் அவனைத் தம் பந்தியில் அமர்த்தியதை அறிவோம். ஆனால் அவர் முதலில் வாக்களித்தது பாட்டன் சவுலின் காணிகளை. சோறு இரக்கம், காணி அவனுக்குரியது.

1990இல் இடம்பெயர்ந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தெல்லிப்பழை மக்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கவும் வேண்டுமா? நிவாரண அரிசி வாங்கியவர்கள் காணியைக் கேட்காமல் விடவில்லையே!

ஆயினும் மிதிவெடியில் காலிழந்த நம் பிள்ளை வேலைக்கு விண்ணப்பித்தால், "உனக்கேன் இந்தச் சிரமம்?" என்று நாமே தடுக்கிறோம். அரச வேலை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வீதத்தை இத்தகையோருக்கு ஒதுக்கும்படி 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. உடற்குறையைக் காரணங்காட்டி வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டலாகாதென்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். யாழ்ப்பாணத்திலேயே அந்த மன்றம் இருக்கிறது.

பெற்றோரே, வேலை மறுத்து வந்த கடிதத்தைக் கிழித்தெறியாதீர்கள், திகதியோடு பத்திரப்படுத்துங்கள். வாய்மொழியாக மறுத்திருந்தால், சொன்னவர் யார், எந்நாள் என்று அன்றே எழுதி வையுங்கள். (நம் கோவில் மண்டபங்கள் பலவற்றுக்குப் படிகள் மட்டுமே உள்ளன என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.) பிள்ளை சட்டத்தரணியிடம் போகும் நாளில் நீங்களும் கூடப் போங்கள்.