குரல் யாருடைய உடைமை?

வீட்டை விற்கலாம்; நிலத்தை ஈடு வைக்கலாம்; நூலின் உரிமையைப் பிறர்க்கு எழுதிக் கொடுக்கலாம். குரலை அங்ஙனம் பிரித்துக் கொடுத்தல் இயலுமோ? மூச்சு உள்ளவரை உடன் உறைந்து, மூச்சு அடங்கும்போது தானும் அடங்குவதே குரலின் இயல்பென மாந்தர் நெடுங்காலம் கருதி வந்தனர். அக்கருத்தை அசைத்தவற்றுள் ஒன்று, ஜப்பானின் வடபால் உள்ள சப்போரோ நகரத்து நிறுவனம் ஒன்றின் வளர்ச்சியாகும்.

1995ஆம் ஆண்டு ஹிரோயுக்கி இத்தோ என்பார் தோற்றுவித்த கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா, தொடக்கத்தில் இசையமைப்போர்க்கு வேண்டிய ஒலிப்பதிவுகளைத் தருவித்து விற்று வந்தது. பாடும் குரலைக் கணினியில் கூட்டியமைக்கும் ‘வோக்கலாய்டு’ எனும் நுட்பத்தை யமஹா நிறுவனம் 2003இல் அறிவித்தது. அதனைக் கொண்டு கிரிப்டன் 2004இல் ‘மெய்க்கோ’வையும், 2006இல் ‘கைட்டோ’வையும் வெளியிட்டது. எனினும், 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் வெளிவந்த ‘ஹாட்சுனே மிக்கு’வே அதன் பெயரை உலகறியச் செய்தது.

மிக்கு என்பாள் ஊனும் உயிரும் உடையவள் அல்லள். 16 வயதுப் பெண்ணாகத் தீட்டப்பெற்ற ஓவியமே. அவள் குரலுக்கு மூலமானவர் சாக்கி ஃபுஜிட்டா எனும் குரல் நடிகை. அவர் ஒலித்துக் கொடுத்த அசைகளை நுண்துண்டுகளாக்கி மென்பொருளில் சேர்த்தனர். சுரத்தையும் சொல்லையும் எவரேனும் இட்டால், துண்டுகள் இணைந்து பாட்டாக ஒலிக்கும். அதே ஆண்டு டிசம்பரில், படைப்போர் தம் ஆக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும் ‘பியாப்ரோ’ எனும் இணையத்தளத்தையும் நிறுவனம் தொடங்கியது. பாடகரை அமர்த்தப் பொருளில்லாத இளைஞரும் தம் பாட்டை உலகுக்கு வழங்கினர்.

இது பாடகரின் பிழைப்பைக் கெடுக்குமே என்பாரும் உளர். அவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும், ஃபுஜிட்டா தம் குரல் எதற்குப் பயன்படும் என்பதை அறிந்தே கொடுத்தார். அறிந்து கொடுத்ததைப் பெறுதல் களவாகாது.

மறைந்தோர் குரலின் நிலை வேறு. 1989ஆம் ஆண்டு மறைந்த புகழ்பெற்ற பாடகி ஹிபாரி மிசோராவின் குரலை, யமஹாவின் செயற்கை நுண்ணறிவு நுட்பத்தால் மீட்டுருவாக்கி, 2019இல் ஜப்பானியப் பொது ஒளிபரப்பு நிறுவனம் புதிய பாடலொன்றைப் பாடச் செய்தது. கேட்டோர் பலர் கண்ணீர் உகுத்தனர். இசைக்கலைஞர் தட்சுரோ யமஷிட்டாவோ அதனை இறந்தாரை இழிவு செய்வதெனக் கடிந்தார். அப்பாடலின் இடையே, நெடுநாள் கழித்து வந்து இரசிகரிடம் உரையாடுவதுபோல் மிசோராவின் குரலில் சில சொற்களும் அமைந்திருந்தன. அவர் ஒருநாளும் சொல்லாத சொற்கள் அவை!

தமிழ் இசையுலகும் இவ்வினாவை எதிர்கொண்டுள்ளது. 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படப் பாடலொன்றில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் இந்நுட்பத்தால் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தார். அது நன்னெறியே.

ஆயினும், குடும்பத்தார் வழங்கும் இசைவுக்கும் ஓர் எல்லை உண்டு. தந்தையின் நிலம் மகனுக்கு உரியது. தந்தையின் கையெழுத்தை மகன் இட்டால் அது பொய்யாவணம். அதுபோலவே, குரலால் வரும் பொருள் வழித்தோன்றலைச் சாரலாம். குரலுக்குப் பின்னிருந்த உள்ளம் எவரையும் சாராது. பாடகர் பிறர் எழுதியதைப் பாடுதல் தொழில். ஆதலின், தக்க இசைவோடு, இஃது ஆக்கப்பட்ட குரலே என வெளிப்பட உரைத்துப் பாடச் செய்தல் ஏற்கத்தக்கது. ‘யான் உரைக்கின்றேன்’ என மறைந்தவர் வாயில் நெஞ்சுரையை இடுதலோ, எத்துணை அன்பினால் செய்யினும், பொய்ச்சான்றே.

குரலைக் கூட்டும் கருவி இனி மாணாக்கர் கைக்கும் எளிதில் எட்டும். கருவியை இயக்கக் கற்பிப்போர், ‘இக்குரலுக்கு உரியவர் இசைந்தாரா? இச்சொல் அவருடையதா?’ எனும் இரு வினாக்களையும் உடன் கற்பித்தல் வேண்டும். ஒலியை இயந்திரம் ஈனலாம். அதற்குப் பொறுப்பேற்க மனிதனே வேண்டும்.