முறை யாருடையது?

பொறுமையைப் பற்றி மிம்பரிலும் மேடையிலும் நாம் பேசியிருப்பது கொஞ்சமல்ல. நோயுற்ற வீட்டுக்கும் இழவு வீட்டுக்கும் சென்று சபூர் செய்யும்படி சொல்லி வருவது நம் போன்றோரின் அன்றாட அலுவல்களுள் ஒன்று. ஆனால், ஒருவன் பொறுமை காட்ட வேண்டியது யாருடைய வேதனையின் மீது என்னும் கேள்வி, தென்சென்னையில் ஒரு மருத்துவமனையின் பலகையில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்த நாள்வரை நம் உள்ளத்தில் எழுந்ததில்லை.

நம் பேத்திக்கு மூன்று வயது. விடாத காய்ச்சல், வாந்தி. சீட்டுப் பெற்றுக்கொண்டு காத்திருந்தோம். எண் நகரவில்லை. மருத்துவர் உள்நோயாளிகளைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றார்கள். இதோ வந்துவிடுவார் என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையோ வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். நம் மகன் மும்முறை சென்று கேட்டான். மூன்றாம் முறை அவன் குரல் உயர்ந்தது. “பொறுமையாக இரு” என்றோம். “வலிப்பது இவளுக்கு. இவளுக்காக நீங்கள் எப்படி வாப்பா பொறுமை கொள்ள முடியும்?” என்றான். பிறகு, தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினான். ஐந்து நிமிடத்தில் நம்மைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நமக்கு முந்திய எண் நொச்சிக்குப்பத்துப் பெண் ஒருத்தியுடையது. அவள் மடியில் கிடந்த ஆண் மகவு அழவில்லை. கண்கள் பாதி மூடியிருந்தன. அவள் நம்மை ஏறிட்டுப் பார்த்து, “நீங்க போங்க பாய், உங்க புள்ள ரொம்ப அழுவுது” என்று காலை ஒதுக்கி வழிவிட்டாள். நாம் உள்ளே போனோம்.

மகன் கேட்ட கேள்விக்கான விடை நாம் ஓதிய கிதாபுகளிலேயே இருந்தது. தனக்குரியதைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கும் ‘ஈஸார்’ மிக உயர்ந்த பண்பு, அதில் ஐயமில்லை. ஆனால், சிறுபிள்ளையின் ‘வலீ’யாகிய காப்பாளன் அப்பிள்ளையின் சொத்திலிருந்து ஒரு காசையும் தானமாக வழங்குதல் கூடாது என்பது ஃபிக்ஹுச் சட்டம். தந்தையே ஆயினும் அவன் காவலன், உரிமையாளன் அல்லன். (அரபியில் காப்பாளனைக் குறிக்கும் சொல் தமிழ்க் காதுக்கு நோவைக் குறிக்கும் சொல்லாக ஒலிப்பது தற்செயல்தான், அன்று நமக்கு அப்படித் தோன்றவில்லை.) பிள்ளையின் பொருளையே வழங்க உரிமையற்றவன், பிள்ளை படும் வேதனையைத் தன் பொறுமைக் கணக்கில் வரவு வைத்துக்கொள்வது எங்ஙனம்?

அன்னை ஹாஜரா (அலை) அவர்கள், தாகத்தால் துடித்த மகவின் அருகே கைகட்டி அமர்ந்திருக்கவில்லை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். அவர்களைவிட இறைவன் மீது நம்பிக்கை கொண்ட தாய் யார்? அந்தப் பதைப்பைப் பொறுமையின்மை என்று எவரும் சொல்லவில்லை. ஹஜ்ஜிலும் உம்ராவிலும் இன்றளவும் அதைத்தான் நாம் கிரியையாகச் செய்துவருகிறோம். ஆகவே, நம் மகன் ஓடியது சரி. கேட்டதும் சரி.

இங்கேதான் நமக்கு நெஞ்சு உறுத்துகிறது. குழந்தை மருத்துவத்தில் ஒரு பால பாடம் உண்டு. பால் குடிக்கவோ நீர் பருகவோ இயலாமை, உட்கொண்டதெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, மந்தமாய் மயங்கிக் கிடத்தல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. இவற்றுள் ஒன்று கண்டாலும் அக்குழந்தையை வரிசையில் நிறுத்தலாகாது. உரக்க அழும் குழந்தையிடம் அழுவதற்காவது வலு இருக்கிறது. அரவமின்றிக் கிடக்கும் குழந்தையைக் கண்டுதான் அஞ்ச வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. அன்று நமக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்களோ சீட்டின் எண்ணைப் பார்த்தார்கள்; பிறகு தொலைபேசியில் வந்த பெயரைப் பார்த்தார்கள்.

அங்கிருந்த செவிலியரைக் குறை கூறுவதால் பயனில்லை. ஒருத்தி நாலு பேர் வேலையைச் செய்துகொண்டிருந்தாள். மருத்துவம் ‘ஃபர்ளு கிஃபாயா’. ஊரில் போதிய மருத்துவர் இல்லையேல் குற்றம் ஊரார் அனைவரையும் சேரும். சட்டநூல் ஓதத் திரள்வோர் மருத்துவம் பயில வருவதில்லையே என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடிந்திருக்கிறார்கள். நாமும் சட்டநூல் ஓதித் திரிந்தவர்கள்தாம்.

பெற்றோர் சொல்லுக்குச் செவி உண்டா என்பது வேறொரு கேள்வி. 2023 இல் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஒன்றரை வயதுக் குழந்தையின் கை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் அகற்றப்பட்டது. அடுத்த மாதம் அக்குழந்தை இறந்தது. கையில் கண்ட மாற்றத்தைச் சொன்னபோதே எவரும் கவனிக்கவில்லை என்றார் தாய். கவனக்குறைவு இல்லை என்றது விசாரித்த மருத்துவர் குழு. தீர்ப்புக் கூற நாம் யார்? எனினும், பிள்ளையின் உடலில் நேரும் மாற்றத்தை முதலில் காண்பவள் தாய் என்பதை யார் மறுக்க முடியும்? இங்கிலாந்தில் 2021 இல் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, பெற்றோரின் அச்சம் பொருட்படுத்தப்படாமல் மாண்டாள். 2024 முதல் அவள் பெயராலேயே ‘மார்த்தா விதி’ அங்கே நடைமுறைக்கு வரலாயிற்று. நோயாளியின் நிலை மோசமாவதாகக் கருதும் குடும்பத்தார், வேறொரு மருத்துவக் குழு உடனே வந்து பார்க்கும்படி கேட்கலாம். எவருடைய சிபாரிசும் அதற்கு வேண்டியதில்லை.

சிபாரிசு முற்றிலும் தீயதென்று நாம் சொல்ல வரவில்லை. நல்லதற்குப் பரிந்து பேசுவோருக்கு அதில் பங்குண்டு, தீயதற்குப் பரிந்து பேசுவோருக்கும் அதில் பங்குண்டு என்பது திருமறையின் போதனை. நம்மிடம் அன்று ஒரு குரல் இருந்தது. அக்குரலுக்குச் செவியும் கிடைத்தது. ‘இந்த அம்மாளின் குழந்தையையும் பாருங்கள்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவள் வழிவிட்டதை ஈஸார் என்று மெச்சிக்கொண்டே கடந்து போனோம். அது அவள் வழங்கக்கூடிய பொருளன்று என்பதும், ஆகவே நாம் பெற்றுக்கொள்ளக்கூடிய பொருளுமன்று என்பதும் இரவில் வீட்டில் படுத்த பின்னரே உறைத்தது.

நாம் மருந்துச் சீட்டுடன் வெளியே வந்தபோது அவள் அதே பலகையில் இருந்தாள். நாம் வாயிற்படி இறங்குவதற்குள் செவிலி ஒருத்தி வந்து, குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அப்படியே வாரியெடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பின்னாலேயே தாயும் ஓடினாள். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டிருந்த மகன், “வாப்பா, நாம் இருந்து பார்த்துவிட்டுப் போவோமா?” என்று கேட்டான். மருந்துக் கடை மூடும் நேரம் என்று சொல்லி அவனை அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.