ஓடிப்போனவர் துரோகியா?

நாட்டை விட்டு ஓடிப்போனவனைப் பற்றி உலகம் இரண்டு விதமாகப் பேசும். வென்று திரும்பினால் வீரன் என்னும். திரும்ப முடியாமற் போனால் துரோகி என்னும். செய்த செயல் ஒன்றாயிருக்கப் பெயர் மாத்திரம் மாறுவது எப்படி? இக்கேள்வியை ஏட்டிலே படியாமல் தம் வாழ்விலேயே சந்தித்தவர்கள் இரண்டாம் உலக யுத்தகாலச் செக்கோஸ்லவாக்கிய விமானிகள்.

1939 மார்ச் 15ஆம் திகதி ஹிட்லரின் படைகள் பிராக் நகரினுள் நுழைந்தன. நகரைக் குண்டுவீசி அழிப்போம் என்ற மிரட்டலுக்குப் பணிந்து ஜனாதிபதி ஹாக்கா கையொப்பமிட்டார். எதிர்க்க வேண்டாமென்று படையினருக்குக் கட்டளை பிறந்தது. கீழ்ப்படிவதே போர்வீரனின் கடமையென்றால், விமானிகள் எல்லோரும் வீட்டில் இருந்திருக்க வேண்டும். பலர் இருக்கவில்லை. களவாக எல்லையைக் கடந்து போலந்துக்கும், அங்கிருந்து கப்பலேறிப் பிரான்சுக்கும் சென்றனர். பிரான்சோ அவர்களை உடனே விமானத்தில் ஏற்றவில்லை. யுத்தம் தொடங்கும்வரை அந்நியருக்கான படைப்பிரிவிலே சேரும்படி சொன்னது. பிரான்சும் வீழ்ந்தபின் பிரித்தானியாவுக்குப் போயினர். அங்கே விமானப்படையிற் பணியாற்றிய செக்கோஸ்லவாக்கியர் ஏறக்குறைய 2500 பேர்.

அவர்களில் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் பிரான்திசேக் என்றே பெயர்; நாம் பிரான்சிஸ் என்கிறோமே, அதுதான். பிரான்திசேக் பெர்ஜினா 1911இல் மொராவியாவிற் பிறந்தவர். பிரான்திசேக் பாய்ட்டில் 1912இல் பொஹீமியாவிற் பிறந்தவர்.

பெர்ஜினாவுக்கு 1939 யூன் மாதத்திலே திருமணம் நடந்தது. சில நாட்களுக்குள் புது மனைவியைப் பிரிந்து எல்லையைக் கடந்தார். 1940இல் பிரான்சின் வானிலே பெரும் புகழ் பெற்றார். பாய்ட்டில், பிரித்தானிய விமான அணியொன்றுக்குத் தலைமை தாங்கிய முதற் செக் நாட்டவர். 1942 மே மாதத்தில் வட பிரான்சிலே சுட்டு வீழ்த்தப்பட்டு, எதிரி கையில் அகப்படாமல் பிரான்சையும் ஸ்பெயினையும் கடந்து, ஜிப்ரால்டர் வழியாக மீண்டு வந்தார். அது போதாதென்று 1944இல் சோவியத் நாட்டுக்குச் சென்று, தம் நாட்டு விமானிகளோடு ஸ்லோவாக்கியக் கிளர்ச்சியாளரின் நிலத்திலே போய் இறங்கிப் போரிட்டார்.

1945இல் நாடு அவர்களை மலர்தூவி வரவேற்றது. 1948 பெப்ரவரியிற் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியதும், மேற்கிலே போரிட்டதே குற்றத்திற்குரிய அடையாளமாயிற்று. இருவரும் படையிலிருந்து நீக்கப்பட்டனர். 1949இல் பெர்ஜினா ஒரு சிறு விமானத்தில் மேற்கு ஜேர்மனிக்குப் பறந்து தப்பினார். பாய்ட்டில் தங்கினார். 1950இல் கைதாகி, வழக்குமின்றித் தீர்ப்புமின்றி ஓராண்டுக்கு மேல் மீரோவ் சிறையிற் கிடந்தார். பகைவனின் தேசங்களூடாகத் தப்பி வந்த மனிதனைச் சொந்த நாடே பூட்டி வைத்தது.

இருவரில் யார் செய்தது சரி?

சோக்கிரட்டீஸ் சிறையிலிருந்தபோது, தப்பிச்செல்ல எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு வந்து அழைத்தான் அவருடைய நண்பன் கிரித்தோ. அவர் மறுத்தார். ஏதென்சின் சட்டங்களே எதிரில் வந்து நின்று பேசுவதுபோல அவர் சொல்லும் நியாயத்தைப் பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். "உன்னைப் பிறப்பித்து வளர்த்தவர்கள் நாங்கள், பெற்றோரைப் போன்ற எங்களை அழிக்கப் பார்க்கிறாயோ?" என்பது அதன் சாரம். முதன்முறை படிக்கும்போது, தங்குகிறவன் பக்கமே முழு நியாயமும் இருப்பதாகத் தோன்றும். பாய்ட்டிலுக்கு வெற்றி, பெர்ஜினாவுக்குத் தோல்வி.

ஆனால் அதே சட்டங்கள் வேறொன்றும் சொல்லுகின்றன. எங்களைப் பிடிக்காதவன் தன் பொருள்பண்டங்களோடு விரும்பிய இடத்துக்குப் போகலாம், நாங்கள் தடுப்பதில்லை. நீயோ எழுபது வயதுவரை போகாமல் இருந்தாய், ஆகவே உடன்பட்டவனாகிறாய் என்கின்றன. சோக்கிரட்டீசின் கடமை முழுவதும் இந்தத் திறந்த கதவின்மேல் நிற்கிறது. 1949இன் செக்கோஸ்லவாக்கியாவில் அனுமதியின்றி வெளியேறுவதே சிறைக்குரிய குற்றம். கதவைப் பூட்டிவிட்டு, "உள்ளே இருக்கிறாய், ஆகவே சம்மதித்தாய்" என்று எந்த அரசும் சொல்லமுடியாது. அவ்வரசுக்குப் பெர்ஜினா கடன்பட்டிருந்தார் என்று நான் எண்ணவில்லை. 1939இல் மிரட்டலுக்குப் பணிந்து பிறந்த கட்டளைக்கும் அவர் கடன்பட்டவரல்லர்.

இத்தோடு விட்டுவிட்டால் ஓடிப்போகிறவனுக்கு எல்லாம் இலகுவாகிவிடும். சட்டங்கள் மூன்றாவதாகவும் ஒன்று சொல்கின்றன: நீ தப்பினால் உன் நண்பர்கள் நாடுகடத்தப்படுவார்கள், சொத்தை இழப்பார்கள். வாசிப்பவர்கள் பெரும்பாலும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். எனக்கோ இதுவே எல்லாவற்றிலும் கனமானது. 1942 முதல் நாஸிகள், வெளிநாடு சென்று போரிட்டவர்களின் பெற்றோர், மனைவியர், உடன்பிறந்தோரைப் பிடித்து மொராவியாவிலுள்ள ஸ்வாதொபொர்ஜிட்சே முகாமில் அடைத்தனர். மகன் ஆகாயத்திற் பறந்தான். தாய் முட்கம்பிக்குள் இருந்தாள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அடைத்தவனுக்கே அந்தப் பாவம் உரியது, உண்மை. என்றாலும் போனவன், "அது என் கணக்கிலில்லை" என்று கைகழுவ முடியுமா? நாட்டுக்குத் துரோகம் செய்தானா என்று கேட்பவர்கள், வீட்டுக்கு அவன் பட்ட கடனைக் கேட்பதில்லை.

1939இற் பெர்ஜினா தனியாகப் போனார். 1949இல் அந்தச் சிறு விமானத்திலே மனைவியையும் ஏற்றிக்கொண்டே பறந்தார்.

பிரித்தானியா, கனடா, அமெரிக்கா என்று அலைந்து 1993இல் அவர் தாய்நாடு திரும்பினார். பாய்ட்டில் சிறையிலிருந்து வந்தபின் கூலிவேலையும் செய்து, தம் யுத்த அனுபவங்களைப் புத்தகங்களாக எழுதி, அங்கேயே இருந்தார். 2006 மே மாதத்தில் ஒருவரும் ஒக்டோபரில் மற்றவரும் பிராக் நகரிற் காலமாயினர்.