விட்டுவிடுவதற்காகப் பிடிக்கலாமா?

சின்ன ஏரியின் கரையில் டிரவுட் மீன் பிடிப்பவர் முதலில் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்கிறார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழவழப்பு உரிந்துபோகும். பிறகு பூஞ்சை பற்றலாம். வலை ரப்பரால் ஆனது, முடிச்சில்லாதது. தூண்டில் முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவிட்டார். மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்காமலே முள்ளைக் கழற்றி நீந்த விடுகிறார்.

இந்தப் பரிவு உண்மையானதுதான். ஆனால் அந்த உயிரைத் துன்பத்துக்குள் இழுத்து வந்தவரும் அவர்தானே?

2003-இல் ஆய்வாளர் லின் ஸ்னெடன் குழுவினர் ரெயின்போ டிரவுட்டின் உதட்டில் அசிட்டிக் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் சரளைக்கல்லில் வாயைத் தேய்த்தன. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. அது வலிதானா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் முடியும்வரை சந்தேகத்தின் பலன் மீனுக்கே போகவேண்டும்.

சுவிட்சர்லாந்தின் 2008-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள், விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதைத் தடை செய்தன. உண்பதற்காகப் பிடிக்கலாம். கொல்ல அனுமதித்துவிட்டு விளையாடத் தடை போடுவது முதலில் விந்தையாகத்தான் படும். யோசித்தால் சரி என்றே தோன்றுகிறது: பசிக்குக் காரணம் சொல்லலாம், பொழுதுபோக்குக்கு முடியாது. சமணமும் செயலோடு எண்ணத்தையும் சேர்த்தே இம்சையாகக் கணக்கிடுகிறது.

தூண்டிலோடு புறப்படுகிறவர்கள், எதற்காகப் போகிறோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளட்டும்.