கூலியில்லா உழைப்பு தானமா, வெட்டியா?



பழைய வீட்டின் ஓர் அறையைப் புதுப்பிக்க நண்பர்கள் கூலியின்றி வந்து உழைப்பது உலக வழக்கு. அதனைத் தானம் என்று போற்றுகிறோம். நம் முன்னோர் ஊரார் வாயிலில் செய்த வெட்டி வேலையும் கூலியில்லா உழைப்பேயன்றோ? இரண்டிலும் வியர்வை உண்டு. இரண்டிலும் காசு இல்லை. அங்ஙனமாயின் வேற்றுமை யாதில் உள்ளது? இதனை ஆராய்தல் நமது கடமையாகும்.

வெட்டியின் இலக்கணம் காசின்மையன்று. மறுக்க இயலாமையே ஆகும். 1928ஆம் ஆண்டு டாக்டர் அம்பேத்கர் பம்பாய்ச் சட்டசபையில் மகார் வதன் முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தது இக்கட்டை அறுக்கவே. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்து, மீறுதலைக் குற்றமென்றது. 1982இல் உச்ச நீதிமன்றம், டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், இன்னும் ஒருபடி மேற்சென்றது. தடிக்கு அஞ்சி உழைப்பது மட்டுமன்று, வறுமையால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பதும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. இதனுடன் நாம் ஒன்றைச் சேர்ப்போம்: தாட்சணியமும் ஒரு கட்டாயமே.

இதனை விளக்கப் பெங்களூர் போன்ற நகரங்களில் நம்மவர் வாழும் பழைய ஓட்டு வீட்டு அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொரிந்த காரையைக் கொத்துதல், உடைந்த மங்களூர் ஓட்டை மாற்றுதல், கரையான் அரித்த ரீப்பரைக் கழற்றுதல், மணல் சலித்தல் ஆகியவற்றைச் சொல்லிக் கொடுத்தால் எவரும் செய்வர். பூச்சு வேலை அத்தகையதன்று. மண்சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே கெடுக்கும். சுண்ணாம்புக் காரையோ அவ்வீரம் ஆவியாகிப் போக இடங்கொடுக்கும். இதனை அறிந்து, சுண்ணாம்பை நீற்றிப் பதம் பார்த்து, மணியாசுக்கட்டையால் தேய்த்து, விரைவில் உலர்ந்து வெடிக்காதபடி நனைத்துக் காப்பவர் கொத்தனார். அக்கைத்திறனாலேதான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது.

ஆலைத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை வந்து மண் சுமந்தால், அவர் தருவது தமது ஓய்வு. நாட்கூலிக் கொத்தனாரை வேலைநாளில் அழைத்து, மாலையில் தேநீர் கொடுத்தனுப்பினால், அவர் தருவது தம் பிள்ளைகளின் சோறு. நண்பரிடம் ‘இயலாது’ என்று கூற அவர் நா எழாது. அந்தக் கூச்சத்தைக் கொண்டு வேலை வாங்குதல் நட்பின் பெயரால் நடக்கும் வெட்டியே.

‘சகோதரருக்குள் கூலி பேசினால் அன்பு குறையாதோ?’ என்பர் சிலர். குறையாது. கூலியை முதலில் அவர் கையில் வைப்போம். அவர் மனமுவந்து திருப்பித் தந்தால் அது தானம். வைக்காமலே விட்டால் அது நாம் எடுத்துக்கொண்டது. கொடாததை எடாமை என்னும் சீலம் பொருளுக்கு மட்டுமன்று, பிறர் பொழுதுக்கும் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. வந்தவர்க்கெல்லாம் சோறு வடித்துப் பாத்திரம் துலக்கும் பெண்களின் உழைப்பை எவர் கணக்கில் எடுத்தோம்? ஒரு ஞாயிறு மண் சுமந்த ஆடவரை ஆண்டு முழுதும் புகழ்கிறோம். ஆண்டு முழுதும் உழைக்கும் பெண்ணை ஒரு ஞாயிறேனும் புகழ்ந்தோமில்லை. மறுக்க இயலுமா என்னும் அளவுகோலை முதலில் நம் அடுப்படியில் வைத்துப் பார்ப்போமாக.

ஆகவே, உதவி நாடுவோர் மூன்றினைக் கைக்கொள்க. முதல் மண்கூடையை வீட்டுக்காரரே தம் தலையில் ஏற்றுக. வர இயலாதவரிடம் முகம் சுளியாதிருக்க. வந்தவர் வீட்டுக் கூரை ஒழுகும் நாளில், அழைப்பை எதிர்பாராமல் செல்க.

இம்மூன்றும் உள்ள இடத்தில் கூலியில்லா உழைப்பும் இழிவன்று. இவை இல்லாத இடத்தில், எத்துணை வெள்ளையடித்தாலும் அது வெட்டிச் சுவரே.