உப்புக் குறைந்தது எங்கே?

மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில் செம்பூரை அடுத்த நிலையம் கோவண்டி. டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்திலும், உரத் தொழிற்சாலையிலும், எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்களிலும் வேலை கிடைத்துத் தமிழகத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் வேரூன்றிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அன்று இளைஞர்களாக வந்து இறங்கியவர்களில் பலர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். மாலை வேளையில் குடியிருப்பின் பெஞ்சில் அமரும் அவர்களுடைய பேச்சில் மூன்று பொருள்கள் தவறாமல் இடம்பெறும்: கேட்ட பாட்டு, உண்ட உணவு, தளர்ந்த உடம்பு.

பாட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. செம்பூரின் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி 1962-இல் தோன்றியது. 1952-இல் உருவான ஷண்முகானந்த சபா 1963-இல் தன் பேரரங்கைத் திறந்தது. 1990-இல் தீ விபத்துக்கு இரையான அந்த அரங்கு 1998-இல் மீண்டும் எழுந்தது. உணவுக்கோ, குர்லாவில் வண்டி மாறினால் மாதுங்கா. 1942-இல் ராமா நாயக் தொடங்கிய உடுப்பி உணவகம் உட்பட, வாழையிலை, கறிவேப்பிலை, காப்பித்தூள் என எதுவும் அங்கே கிடைக்கும். ஆகவே நினைவுகளுக்கு ஆதாரம் ஏராளம். எனினும் பேச்சு எங்கே தொடங்கினாலும் “அந்தக் காலம் போல வருமா?” என்ற ஒரு வாக்கியத்தில் போய் முடிகிறது.

இவ்வாக்கியம் தீங்கற்றதாகத் தோன்றும். ஆனால் இது ஒரு தீர்ப்பு. தீர்ப்பு என்றால் அதனால் பாதிக்கப்படுகிறவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும். விடியலில் எழுந்து, ஒற்றை அறை வீட்டின் சமையல் மேடையில் சாம்பார் வைத்து, டப்பாவில் அடைத்து, நெரிசல் மிகுந்த லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடும் மருமகள் ஒருவர். பத்தாண்டுகள் பயின்று முதன்முறையாகச் சபா மேடை ஏறி, முன்வரிசைப் பெரியவர்களின் முகத்தை ஏக்கத்துடன் பார்க்கும் இளம் பாடகர் மற்றொருவர். “உப்பில்லை”, “சுருதி சேரவில்லை” என்ற சொற்கள் இவர்களைச் சென்றடைகின்றன. தீர்ப்பு சரியானதா என்று வழங்குபவர் ஆராய்ந்தாரா?

உடலியல் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. வயது ஏற ஏறச் செவி முதலில் இழப்பது உச்ச ஒலிகளை. மெய்யெழுத்துகளின் கூர்மை அந்த உயர் ஒலிகளில்தான் இருக்கிறது. எனவே பாடகர் சாகித்தியத்தைத் தெளிவாகவே உச்சரித்தாலும், கேட்பவருக்குச் சொற்கள் குழைந்து விழுகின்றன. தம்பூராவின் மீது மினுங்கும் நுண்ணிய மேலோசைகளும் மங்குகின்றன. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. மெல்லிய ஒலி கேட்காமல் போகும் அதே செவிக்குச் சற்றே உயர்ந்த ஒலி தாங்கமுடியாத இரைச்சலாகிறது. “என்ன முணுமுணுக்கிறாய்?” என்று கேட்ட பாட்டனாரே, அடுத்த நொடியில் “ஏன் கத்துகிறாய்?” என்று சினப்பது இதனால்தான். வீட்டிலுள்ளோர் இதை முரட்டுக் குணம் என்று எண்ணிவிடுகிறார்கள்; பாவம், அது குணமன்று.

நாவின் கதையும் இத்தகையதே. பெருங்காயம், கொத்தமல்லி, வறுத்த காப்பிக்கொட்டை ஆகியவற்றில் நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கு தருவது. 2020-இல் பரவிய கொள்ளைநோயில் மோப்பத்தை இழந்தவர்கள் பலர் இதை ஒரே நாளில் உணர்ந்தார்கள். முதுமையில் இதே இழப்பு, ஒருவரும் அறியாதபடி, ஆண்டுக் கணக்கில் மெல்ல நிகழ்கிறது. சில மருந்துகளும் சுவையை மாற்றிவிடுகின்றன. நாக்கு உப்பைக் கூடுதலாகக் கேட்கும் அதே பருவத்தில்தான் இரத்த அழுத்தத்தைக் காட்டி மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்! இரண்டுக்கும் நடுவில் அகப்படுவது சமைப்பவர்.

நினைவும் நடுநிலையானது அன்று. இளமையின் பத்துப் பதினைந்து ஆண்டுகளே மற்ற எல்லாக் காலத்தையும் விடச் செறிவாக மனத்தில் பதிகின்றன என்று உளவியலாளர் கண்டிருக்கின்றனர். அக்காலத்தில் கேட்ட சுமாரான கச்சேரிகள் எத்தனையோ இருந்திருக்கும், அவை மறந்துபோயின. சிறந்தவை மட்டும் தங்கிவிட்டன. தங்கிய மணிகளை இன்றைய நெல்லும் பதருமான முழுக் களத்தோடு ஒப்பிட்டால் இன்று தோற்கத்தானே செய்யும்?

இதைக் கேட்டு, முதியோரின் குறைகூறல் முழுவதும் பொய் என்று முடிவு கட்டிவிடுவதும் அநீதியாகும். அரைத்து வைத்த மசாலையின் மணம் பல நாள் அடைத்துவைத்த பொடியில் இல்லை. எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் அதிலிருந்து போய்விடுகின்றன. நான்கு மணி நேரக் கச்சேரி சுருங்கியதும் உண்மை. ஆகவே உலகமும் மாறியிருக்கிறது, பொறியும் மாறியிருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்தறிவதே விவேகம். தனியே அமர்ந்து இதைப் பிரித்தறிய ஒருவரால் இயலுமா? மங்கிய கண்ணாடி வழியே பார்ப்பவன் உலகமே மங்கல் என்றுதான் சொல்வான்.

இவ்விடத்தில்தான் நண்பர் தேவைப்படுகிறார். அந்தப் பெஞ்சில் இப்படி ஓர் உரையாடல் நிகழ்வதாக எண்ணிப் பார்க்கலாம்.

“இப்பல்லாம் நம்மாத்து ரசத்துல வாசனையே இல்லடா.”

“நேத்து நான்தானே உன்னோட உட்கார்ந்து சாப்பிட்டேன்? என் பேரன் கொல்லைப்புறம் வரைக்கும் மணக்கறதுன்னான். எனக்கும் ஒண்ணும் தெரியலை. ரசத்துல கோளாறு இல்லடா, நம்ம ரெண்டு பேர் மூக்குலதான்.”

இதையே மகன் சொல்லியிருந்தால் அவமதிப்பாகியிருக்கும். மருமகள் சொல்லியிருந்தால் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இருந்திராது. மருத்துவர் சொன்னால் அது வெறும் அறிக்கை. நண்பர் சொன்னபோது மட்டும் அது சிரிப்போடு உள்ளே இறங்குகிறது. ஏனெனில் அவர் “உன் மூக்கு” என்று சொல்லவில்லை. தம்முடைய தளர்ச்சியையும் அதே தட்டில் வைத்துப் பேசினார்.

திருவள்ளுவர் ‘நட்பு’, ‘நட்பாராய்தல்’ ஆகிய அதிகாரங்களை அடுத்து 81-ஆம் அதிகாரமாகப் ‘பழைமை’யை வைத்தது கருதத்தக்கது. நெடுநாள் பழகியவர் கேளாமலே எடுத்துக்கொள்ளும் உரிமையை, மனம் கோணாமல் ஏற்பதைப் பற்றியது அது. பொருளையோ வீட்டையோ உரிமையாக எடுத்துக்கொள்வது இதன் எளிய வடிவம். நம்மைப் பற்றிய கசப்பான உண்மையை நம் அனுமதியின்றி எடுத்துச் சொல்லும் உரிமையே இதன் அரிய வடிவம் எனலாம்.

ரோமாபுரியின் சிசரோ, கி.மு. 44-இல் முதுமையைப் பற்றி ஒரு நூலும் நட்பைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். இரண்டையும் தம் இளமைக்கால நண்பர் அட்டிகஸுக்கே உரிமையாக்கினார். அப்போது இருவருமே அறுபதைக் கடந்தவர்கள். தங்கள் இருவருக்கும் பொதுவான சுமையை இலேசாக்கவே எழுதுவதாக முதுமை நூலின் தொடக்கத்தில் அவர் கூறுகிறார். அந்நூலில் பேசும் முதியவர் கேட்டோ, உண்ணும் ஆசையைக் குறைத்து உரையாடும் ஆசையை வளர்த்ததற்காக முதுமைக்கே நன்றி செலுத்துகிறார். விருந்தைக் கிரேக்கர் ‘சேர்ந்து குடித்தல்’ என்ற பொருளில் அழைக்க, தம் முன்னோர் ‘சேர்ந்து வாழ்தல்’ என்ற பொருளில் பெயரிட்டதே மேல் என்றும் அவர் மகிழ்கிறார். முதிர்ந்த வயதில் சாக்ரடீஸ் யாழ் பயின்றதைக் கேள்விப்பட்டுத் தமக்கும் அவ்வாசை எழுந்ததாகச் சொல்கிறார். இசை, உணவு, முதுமை, நட்பு ஆகிய நான்கும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன.

நட்புக்கு எதிர்த்திசையில் செல்லும் ஆற்றலும் உண்டு என்பதை மறைக்கலாகாது. இரு நண்பர்கள் ஒருவர் புலம்பலுக்கு மற்றவர் தாளம் போட்டு, உலகமே கெட்டுவிட்டது என்று தீர்மானம் நிறைவேற்றிக்கொள்ளவும் கூடும். பெரும்பாலும் நடப்பது இதுவே. அது இனிமையாக இருக்கும். ஆனால் அதற்கான விலையை வீட்டிலுள்ள இளையோர் செலுத்துவார்கள். இத்தகைய ஆறுதலை நட்பு என்பதைவிடக் கூட்டுச் சதி என்பதே பொருந்தும்.

‘த்ருக் த்ருச்ய விவேகம்’ என்னும் வேதாந்தச் சிறுநூல், காண்பவனையும் காணப்படுவதையும் பிரித்தறியக் கற்பிக்கிறது. கண்ணின் குருட்டுத்தன்மை, மங்கல், கூர்மை ஆகியவற்றை மனம் அறிகிறது. செவி முதலான மற்றப் புலன்களுக்கும் இதுவே நெறி என்கிறது அந்நூல். அந்த மனத்தின் ஏற்ற இறக்கங்களையும் அறிந்து நிற்கும் சாட்சி ஒன்று உண்டென்று அது மேலும் செல்கிறது. இளமையில் இது ஏட்டுப் பாடமாகவே இருக்கும். செவியும் நானும் ஒன்றே என்ற மயக்கத்தைக் கலைக்க அப்போது ஒன்றும் நேர்வதில்லை. “என் காது மங்கிவிட்டது” என்று முதன்முறையாக ஒருவர் மனமாரச் சொல்லும்போது, சொல்பவர் காதிலிருந்து ஓரடி விலகி நிற்கிறார். “பாட்டு கெட்டுவிட்டது” என்று சொல்பவரோ இன்னும் காதாகவே இருக்கிறார். இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள தூரத்தைப் பல நூல்களைப் படித்தும் கடக்காதவர்கள், நண்பர் ஒருவரின் கேலியால் கடந்துவிடுவதுண்டு.

தளர்ச்சியை ஒப்புக்கொள்வதால் பாட்டு நின்றுவிடுவதுமில்லை. 1908-இல் பிறந்த செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறைக் கடந்த பின்னரும் பாடினார், 2003-இல் மறைந்தார். பீத்தோவன், செவி ஏறத்தாழ முற்றிலும் அடைபட்ட நிலையில்தான் 1824-இல் தம் ஒன்பதாம் சிம்பனியை உலகுக்கு அளித்தார்.

ஆண்டு பல கடந்தும் நரை தோன்றாதது ஏன் என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் கூறிய காரணங்கள் புறநானூற்றின் 191-ஆம் பாடலில் உள்ளன. அறிவு நிரம்பிய மனைவி மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், தீங்கு செய்யாத வேந்தன், இவற்றுக்கும் மேலாக அடங்கிய சான்றோர் பலர் வாழும் ஊர் என்று அவர் அடுக்குகிறார். உண்ட மருந்தையோ நோற்ற நோன்பையோ அவர் சொல்லவில்லை. தம்மைச் சுற்றி வாழ்ந்தவர்களையே சொன்னார். மனைவியும் மக்களும் அந்தப் பட்டியலில் முதலில் வருகிறார்கள் என்பதை, ரசத்தில் குறை காணுமுன் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். உப்பு சரியா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் பேத்தியின் நாவிடம் ஒப்படைத்துவிட்டு, பெஞ்சில் காத்திருக்கும் நண்பரிடம் பாட்டைப் பற்றிப் பேசப் போகலாம்.