கைநாட்டும் திறந்த நிரலும்

1930 ஏப்ரலில் கோலார் தங்கவயலில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வுக்காக அல்ல. தொழிலாளர் ஒவ்வொருவரும் பதிவுக்காக விரல்ரேகை வைக்க வேண்டும் என்று வந்த ஏற்பாட்டை எதிர்த்து, ஏறக்குறைய மூன்று வாரம் சுரங்கத்துக்குள் யாரும் இறங்கவில்லை. தங்கவயலில் தொழிற்சங்கம் சட்டப்படி நிற்க வழியில்லாத காலம் அது. வடாற்காடு, சித்தூர், சேலம் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்க வந்து லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள்; பெரும்பாலோர் ஆதிதிராவிடர். கூலி நின்றால் மறுநாள் அடுப்பு எரியாது என்று தெரிந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு சொட்டு மைக்காக மூன்று வாரக் கூலியை விட்டார்கள்.

தங்கவயலின் வடகோடி பாலகாட். தெற்கே மைசூர் சுரங்கத்தில் தொடங்கி சாம்பியன் ரீஃப், உரிகாம், நந்திதுர்க் என்று வரும் வரிசையில் கடைசி. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, இந்த லைன்களுக்குச் சோறு போடுவது பெங்களூர் ரயில்தான். விடிவதற்கு முன்பே எழுந்து, கோரமண்டலிலோ உரிகாமிலோ ரயில் ஏறி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போய், இரவு திரும்பி வருகிற பிழைப்பு. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கடைச் சிப்பந்தி, படித்த பிள்ளைகளில் சிலருக்கு கம்ப்யூட்டர் வேலை. எந்த வேலையானாலும் போய்ச் சேர்ந்ததும் முதல் காரியம் பெரும்பாலும் ஒன்றுதான்: வாசல் சுவரில் பொருத்தியிருக்கும் சின்னக் கண்ணாடியில் விரலை வைப்பது. ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் பட்டுப் பட்டுத் தேய்ந்த விரல் முதல் தடவையில் படியாது. புடவைத் தலைப்பில் துடைத்து, நெற்றியில் தேய்த்துக் கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஏற்றி, மறுபடி வைக்க வேண்டும். பச்சை எரிந்தால் உள்ளே. சிவப்பு எரிந்தால் பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டுவார்.

தாத்தா வைக்க மறுத்த விரலைப் பேத்தி நாள் தவறாமல் வைக்கிறாள். தாத்தாவுக்கு விவரம் போதவில்லை, பேத்திக்கு ரோஷம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இரண்டுமே தவறு.

இன்று விரல்ரேகைப் பதிவுக்காக வாதாடுகிறவர்கள் அன்றைய கம்பெனித் துரைமாரைப் போலப் பேசுவதில்லை. அவர்கள் கையில் நல்லதொரு நியாயம் இருக்கிறது. அன்று அந்தப் பதிவேடு கம்பெனியின் பெட்டிக்குள் கிடந்தது, அதற்குள் என்ன நடக்கிறது என்று எவருக்கும் தெரியாது. இன்று அப்படியில்லை, மென்பொருளையே திறந்து வைக்கிறோம், யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துப் போகலாம் என்கிறார்கள். இதைப் பொய் என்று தள்ள முடியாது. 2018-இல் பெங்களூர் ஐஐஐடி-யில் தொடங்கிய மோசிப் என்ற அடையாளப் பதிவு மென்பொருள் அப்படித்தான் திறமூலமாக வெளியிடப்பட்டது. பிலிப்பைன்ஸ், மொராக்கோ, எத்தியோப்பியா முதலிய நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. ஒரு தனியார் நிறுவனத்தின் பூட்டிய மென்பொருளில் தன் குடிமக்களின் பெயரேட்டையெல்லாம் கொட்டிவிட்டு, பிறகு அந்த நிறுவனம் கேட்ட விலையைக் கொடுத்துக்கொண்டு முழிப்பதைவிட ஓர் ஏழை நாட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

திறமூலத்தின் அறத்தைக் குறைத்துப் பேசுவது தமிழர்களுக்கு அழகல்ல. தமிழைக் கணினியில் ஏற்றியதில் பாதி உழைப்பு சம்பளமில்லாத உழைப்பு. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், இ-கலப்பை விசைப்பலகை, கணியம் இதழ், லினக்ஸ் திரைகளைத் தமிழாக்கியவர்கள் என்று வரிசையாகச் சொல்லலாம். எந்த நிறுவனத்தின் கருணைக்கும் காத்திராமல் செய்த வேலை இது. தங்கவயலுக்கும் இந்தக் குணம் பழையதுதான். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ஒரு பைசா விலையில் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து 1926-இல் ஜி. அப்பாதுரையார் மறுபடி நடத்தியது தங்கவயலிலிருந்துதான். பண்டிதரின் நூல்களை அச்சிட்டு வைத்ததும் அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான். எழுத்து தன் கையில் இருக்க வேண்டும் என்பதைச் சுரங்கக் கூலிகள், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனின் பேச்சைக் கேட்டுக் கற்கவில்லை. ஸ்டால்மன் தன் குனு திட்டத்தை அறிவித்தது 1983-இல்.

ஆனால், அதே மக்கள்தான் 1930-இல் விரல் வைக்க மறுத்தார்கள். இங்கேதான் திறமூல வாதம் தடுக்கி விழுகிறது. பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் சாம்பியன் ரீஃபில் ஒட்டி வைத்திருந்தாலும் அவர்கள் வேலைக்கு இறங்கியிருப்பார்களா? வெளிப்படையாக ஒட்டிய பதிவேடும் கைநாட்டுக் கேட்கும் பதிவேடுதானே. அந்தக் காலத்தில் விரல்ரேகை என்றால் போலீஸ் சமாசாரம். உலகின் முதல் விரல்ரேகைக் காரியாலயம் 1897-இல் கல்கத்தாவில் தொடங்கியதே குற்றவாளிகளை அடையாளம் காணத்தான். தங்கம் திருடுகிறார்கள் என்ற சந்தேகம் தங்கவயல் தொழிலாளியின் மீது எப்போதும் இருந்தது. அதற்கென்றே மைசூர் சமஸ்தானம் சட்டம் வைத்திருந்தது. ஏற்கெனவே சந்தேகத்தில் நிற்கிறவனிடம் கைதியின் மையைக் காட்டினால் அவன் எதைப் பார்ப்பான்?

திறந்த நிரல் என்பது படிக்கத் தெரிந்தவனுக்குக் கொடுத்த உரிமை. பெங்களூர் அலுவலகத்தில் இருக்கும் நிரலர், மணிலாவில் இருக்கும் இன்னொரு நிரலருக்குக் கொடுக்கிற மரியாதை. கண்ணாடியில் விரல் வைக்கிறவளுக்கு அதில் நேரடியாக ஒன்றும் கிடைப்பதில்லை. அவளே நிரல் படிக்கத் தெரிந்தவள் என்று வைத்துக்கொண்டாலும், படித்து முடித்தபின் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாவிட்டால் படித்ததால் என்ன? ஆதாரின் அடியிலும் லினக்ஸ் முதலிய திறமூல மென்பொருள்கள்தான் ஓடுகின்றன. ரேஷன் கடையில் ரேகை படியாத கிழவிக்கு அதனால் ஒரு கிலோ அரிசி கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை.

தென்னாப்பிரிக்காவின் திரான்ஸ்வாலில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாக எழுந்தது. ஆசியர்கள் பத்து விரல் ரேகையும் வைத்துப் பதிய வேண்டும் என்று 1906-இல் அங்கே அவசரச் சட்டம் வந்தபோது காந்தியோடு நின்று சிறை சென்றவர்களில் தமிழர் ஏராளம். ஆனால் 1908 ஜனவரியில் அந்த அரசின் ஜெனரல் ஸ்மட்ஸோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது: கட்டாயம் நீங்கும், இந்தியர் தாமாகவே பதிந்துகொள்ள வேண்டும். காந்தி பதியப் புறப்பட்டார். 'அதே விரல், அதே மை, இதற்கா இத்தனை பாடு' என்று கொதித்தவர்கள் இருந்தார்கள். பதியப் போகிற வழியிலேயே மீர் ஆலம் என்ற பதான் அவரை அடித்துச் சாய்த்தார். காந்தி பதிந்தார். சட்டம் நீக்கப்படவில்லை என்று தெரிந்ததும் ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஜோஹானஸ்பர்க் மசூதி முற்றத்தில் பதிவுச் சான்றிதழ்கள் கொப்பரையில் எரிந்தன. மீர் ஆலமின் கோபமும் புரிகிறது. ஆனால் அறம் காந்தி பக்கம். அவர் கணக்கில் ரேகை வைப்பது இழிவல்ல. வைக்காவிட்டால் தண்டனை என்பதே இழிவு.

அப்படியானால் நிரல் எழுதுகிறவர் மேல் பொறுப்பே இல்லையா? 'சுத்தியல் செய்தேன், அதை வைத்து ஒருவன் மண்டையை உடைத்தால் நான் என்ன செய்ய' என்பது மென்பொருள் உலகில் அடிக்கடி கேட்கும் பேச்சு. கட்டற்ற மென்பொருளின் முதல் சுதந்திரமே, எந்த நோக்கத்துக்கும் ஓட்டலாம் என்பதுதான். 1998-இல் வகுத்த திறமூல வரையறையும் எந்த ஆளையும் எந்தத் துறையையும் விலக்கக் கூடாது என்கிறது. இதை எதிர்த்து 2019-இல் ஒரு சலசலப்பு. குடியேறிகளைப் பிடித்து அடைக்கும் அமெரிக்கக் குடிவரவுத் துறைக்குத் தான் எழுதியது பயன்படுகிறது என்று அறிந்த ஒரு நிரலர், தன் நிரலைப் பொதுக் கிடங்கிலிருந்து நீக்கிவிட்டார். மனித உரிமையை மீறுவோர் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு ஹிப்போகிராட்டிக் உரிமம் என்ற ஒன்றும் அதே ஆண்டு வந்தது.

மனசாட்சியுள்ள செயல்தான். வழி அது இல்லை. உரிமத்தில் ஒரு வரி சேர்த்தால் நின்றுவிடுகிற அரசு இன்னும் பிறக்கவில்லை. அதோடு, யார் நல்லவர் யார் கெட்டவர் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கடைசியில் வக்கீல் வைத்துக்கொள்ள வசதியுள்ள பெரிய நிறுவனத்திடம்தான் போய்ச் சேரும். ஒரு காலத்தில் லினக்ஸைப் புற்றுநோய் என்று பேசிய மைக்ரோசாஃப்ட், திறமூல நிரல்கள் குவிந்திருக்கும் கிட்ஹப் தளத்தை 2018-இல் 750 கோடி டாலருக்கு வாங்கியது. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டை ஐபிஎம் மறு ஆண்டே 3,400 கோடி டாலருக்கு முடித்தது. திறமூலம் என்ற ஊர்ப் பொதுக்கிணற்றின் படிக்கட்டில் இப்போது உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள். நல்லவருக்கு மட்டும் தண்ணீர் என்ற பலகையை இவர்கள் கையில் கொடுக்கவா?

ஆனால் சுத்தியல் கதையும் முழுசாக எடுபடாது. விசைப்பலகை சுத்தியல், அகராதி சுத்தியல், லினக்ஸும் சுத்தியல்தான். விரல்ரேகைப் பதிவு மென்பொருள் அப்படிப் பொதுவான கருவி இல்லை. மனிதரை அடையாளமிட்டு, உள்ளே வெளியே என்று பிரிக்கவே செய்த கருவி. கைவிலங்கு செய்கிற கொல்லர், 'இரும்பைத்தான் வளைத்தேன்' என்று சொல்ல முடியாது. அதைச் செய்யவே கூடாது என்பதில்லை. ஆனால் சாவியையும் அவர்தான் செய்தாக வேண்டும். ரேகை படியாதவருக்கும் வைக்க மனமில்லாதவருக்கும் வேறொரு வழியை அந்த மென்பொருளுக்குள்ளேயே, பிற்சேர்க்கையாக அல்லாமல் முதல் திரையிலேயே, வைக்க வேண்டிய கடன் எழுதுகிறவருடையது. அதை அடைத்துவிட்டு ஓட்டினால் பழி ஓட்டுகிறவருடையது.

சட்டம் துணைக்கு வருமா? பாதிதான் வரும். 2018 செப்டம்பர் 26-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் தனியார் கைவைப்பதை ரத்து செய்தது. சுவரில் தானே ஒரு கருவியை மாட்டிக்கொள்ளும் முதலாளிக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கேள் என்கிறது. அதன் 7-ஆம் பிரிவிலோ, வேலை தொடர்பான தேவைக்கும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஒப்புதல் வேண்டியதில்லை என்று விலக்கு வைத்திருக்கிறது. முதலாளியை இழப்பிலிருந்து காப்பது! தங்கவயல்காரர்களுக்கு இந்தச் சொற்றொடரை யாரும் விளக்க வேண்டியதில்லை.

விரலுக்கு வேறு வழி வைத்தால் செலவாகும், ஏமாற்றுவார்கள், ஒருவன் வருகையை இன்னொருவன் போடுவான் என்பார்கள். போடுவான்தான், சில நாள் சம்பளம் வீணாகத்தான் போகும். வேலைக்கு வருகிற எல்லோர் ரேகையையும் வருடக்கணக்கில் சேர்த்து வைத்து, அந்தக் கருவியை விற்ற கம்பெனியே அடுத்த வருடம் இல்லாமல் போனால் அவை எங்கே போயின என்று கேட்க ஆளில்லாத நிலையை இதோடு வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். அடையாள அட்டையைத் தொலைத்தால் புதிது வாங்கலாம். விரலுக்கு மாற்று கிடையாது.

ஆகவே, பூட்டிய மென்பொருளைவிடத் திறந்த மென்பொருள் நல்லது. மக்கள் பெயரேட்டை எழுதும் மென்பொருள் திறந்தே இருக்க வேண்டும். ஆனால் திறந்திருக்கிறது என்பதை வைத்து விரல் கேட்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. இதைப் படிக்கிற உங்கள் அடுக்குமாடியிலோ அலுவலகத்திலோ வாசலில் அப்படியொரு கண்ணாடி இருக்கலாம். தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலில் வருகிற ஒருவர் அதில் நாளைக் காலையும் விரலைத் தேய்த்து நிற்கலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து ஒன்று கேளுங்கள்: அந்தக் கருவிக்குக் கீழே ஒரு நீள நோட்டும், நூலில் கட்டிய ஒரு பேனாவும் வைக்க வேண்டும். எதில் பதிவது என்பதை வேலைக்கு வருகிறவர் முடிவு செய்யட்டும்.